எந்திரிக்காதீங்க அங்கிள்

விஷ்ணுப்ரியா அனுப்பியிருந்த லொக்கேஷன் பிரவினுக்குத் தேவைப்படவில்லை. கிள்ளானில் அந்த வரிசை வீட்டுக்கு அவன் முன்பே வந்திருக்கிறான். முனையில் ஒரு சீனக் கோயில், அதை அடுத்து டயர் கடை, தாண்டினால் பச்சை கேட். கேட்டுக்கு எதிரே மைவி காரை நிறுத்திவிட்டு, இறங்க மனம் வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் வானம் கறுத்துப்போய், தெருவிளக்குப் போடலாம் போல இருட்டிக் கிடந்தது.

முந்தைய நாள் போனில் அவள் சொன்னது சுருக்கமானது. "அண்ணே, அப்பாவோட லேப்டாப் மூடியில உங்க கடை ஸ்டிக்கர் இருக்கு. ஆன் பண்ணா பாதியில நின்னுடுது. வந்து பார்க்க முடியுமா?" அப்பாவிடம் போனைக் கொடுங்கள், என்ன செய்கிறது என்று கேட்கிறேன் என்றான் பிரவின். அவள் சொன்னாள், "அப்பா தவறிட்டாருண்ணே. அந்த லேப்டாப் முன்னாலதான்."

என்றைக்கு என்று கேட்டான். அவள் சொன்னது ஒரு சனிக்கிழமை. அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்பது இந்த ஊரில் யாரும் பொய்க் கணக்கில் சேர்க்காத பொய். தலையில் ஷாம்பு நுரையோடு சொல்வார்கள். போர்வைக்குள் இருந்தபடி சொல்வார்கள். கேட்கிறவரும் அதே ஆசாமிதான் என்பதால், மனசுக்குள் அரைமணி நேரத்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டு அவரும் மெதுவாகக் குளிக்கப் போவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் கடை வைத்து, கிள்ளான் வரைக்கும் வீட்டுக்கே வந்து லேப்டாப் பார்ப்பதாக விளம்பரமும் போட்டிருக்கிற பிரவினுக்கு, இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் தொழிலே நடக்காது.

விஷ்ணுப்ரியாவின் அப்பா பக்கிரிசாமி அங்கிளுக்கு மட்டும் இந்தக் கணக்குத் தெரியாது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவன் வருகிறேன் என்றால் வருகிறான் என்றுதான் அவருக்கு அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை பெர்த்தில் இருக்கும் பேரனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டுவதை வீடியோவில் காட்டுவதாக மகன் சொல்லியிருந்தான். லேப்டாப்பை முடுக்கினால் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பிறகு அப்படியே நின்றுவிடுகின்றன என்று அங்கிள் வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். பிரவின் அப்போது கடைக்குக் கீழே நண்பர்களோடு தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தான். "ஆஃப் பண்ணிடாதீங்க அங்கிள், அப்டேட் ஓடும். எந்திரிச்சுப் போகாதீங்க, பக்கத்துலயே இருந்து பாருங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்," என்றான்.

அவர் மறுபடியும் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "தம்பி, கொஞ்சம் வேர்க்குது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. கிளினிக் வரைக்கும் போயிட்டு வந்துடவா?"

மேசையில் ஓடிக்கொண்டிருந்த பந்தாட்டப் பேச்சு பாதியில் அறுந்ததில் பிரவினுக்கு எரிச்சல். "ஃபெடரல் ஹைவேல ஜாம் அங்கிள். இதோ ஷா ஆலம் தாண்டிட்டேன். இப்ப விட்டுட்டுப் போனா ஹார்டிஸ்க் போயிடும், படம் எல்லாம் போயிடும். எந்திரிக்காதீங்க அங்கிள்."

"சரி தம்பி," என்றார் அவர். "நீங்க வாங்க."

அவன் கிளம்பவே இல்லை. மழை பிடித்தது, பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார், பிறகு மறந்துபோனது. சாயங்காலம் ஞாபகம் வந்து கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பைத்தான் இப்போது அவனால் தாங்க முடியவில்லை.

விஷ்ணுப்ரியா வந்து கேட்டைத் திறந்தாள். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண், அப்பா போனதிலிருந்து விடுப்பில் இருந்தாள். வாங்க என்று அவள் சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்ல மாட்டார்கள். தலையை மட்டும் அசைத்தாள். ஹாலில் பக்கிரிசாமியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரவின் கும்பிட்டான். நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"நாங்க யாரும் தொடுறதில்லைண்ணே, ஆனா தினமும் மத்தியானம் தானா ஆன் ஆகுது," என்றாள் விஷ்ணுப்ரியா நடந்தபடி. "புள்ளி சுத்தும், நின்னுடும். சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும். பிளக்கைக்கூடப் புடுங்கிப் பார்த்துட்டேன். பட்டன்ல ஏதாச்சும் ஷார்ட் ஆயிருக்கும் லா, வேற என்ன? அம்மாதான் என்னென்னமோ சொல்றாங்க."

பின்னறை வாசலில் நல்லம்மாள் நின்றிருந்தார். அழுது ஓய்ந்த முகம். உள்ளே ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு லேப்டாப், எதிரே கைவைத்த பிரம்பு நாற்காலி. நாற்காலி மேசைக்கடியில் தள்ளி வைக்கப்படாமல், ஓர் ஆள் கால் நீட்டி உட்காருகிற இடைவெளி விட்டு நின்றது. பிரவின் பழக்கத்தில் அதை இழுக்கக் கையை நீட்டினான்.

"அதுல வேண்டாம் தம்பி," என்றார் நல்லம்மாள் மெதுவாக. "அவர் இருக்காரு."

அதைச் சொன்ன குரலில் பயம் இல்லை. உள்ளே ஆள் தூங்குகிறது, சத்தம் போடாதே என்பது போலச் சொன்னார். விஷ்ணுப்ரியா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். பிரவின் நாற்காலிக்கு இடப்பக்கமாக அதை நகர்த்தி உட்கார்ந்தான்.

நல்லம்மாள் இரண்டு கப் மைலோ கொண்டுவந்தார். ஒன்றைப் பிரவினிடம் கொடுத்தார். மற்றதை மேசையின் அந்தப் பக்கம், நாற்காலிக்கு நேராக வைத்தார். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"எட்டாம் நாள் படைச்சோம் தம்பி. அவருக்குப் புடிச்சதெல்லாம் இலையில வச்சு, ஹால் கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னோம். அவர் வந்து சாப்பிட்டுப் போகணும் இல்ல? அப்புறம் தட்டிட்டுத்தானே திறக்கணும். தட்டினேன். இந்த ரூம்ல இருந்து நாற்காலி சத்தம் கேட்டுச்சு. உக்காந்திருக்கிற ஆள் அசைஞ்சா வருமே, அது. இலைக்கு அவர் வரவே இல்ல. எந்திரிக்க முடியாம உக்காந்திருக்காரு."

"ஏன் ஆன்டி... எந்திரிக்க முடியாம?" அவனை மீறி அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"யாரோ ஒரு பையன் எந்திரிக்காதீங்கன்னு சொல்லிட்டானாம். நான் அன்னிக்கு அம்பாங்ல தங்கச்சி வீட்டுல இருந்தேன். சாப்பிட்டீங்களான்னு போன்ல கேட்டா, வேர்க்குதுன்னாரு. உடனே கிளினிக் போங்கன்னேன். கம்ப்யூட்டர் பார்க்க பையன் வந்துக்கிட்டு இருக்கான், அவன் வந்தவுடனே போறேன்னாரு. அவரு ரயில்வேல இருந்தப்பவே அப்படித்தான். ஷிப்டு மாத்த ஆள் வரலைன்னா கேபினை விட்டு இறங்க மாட்டாரு. ஒரு தடவை காய்ச்சலோட விடியிற வரைக்கும் இருந்தாரு. இருன்னு சொன்னவனே வந்து போகச் சொல்லணும் அவருக்கு."

"அம்மா, போதும்மா," என்றாள் விஷ்ணுப்ரியா. பிறகு பிரவினிடம் திரும்பினாள். "பெர்த்ல இருக்கிற அண்ணன் யாரையாவது அனுப்பியிருப்பாருன்னு நினைச்சோம். அவர் இல்லைன்னுட்டாரு. ஸ்டிக்கரைப் பார்த்து உங்களைக்கூட நினைச்சேன்ணே. ஆனா நேத்து நீங்க அப்பாகிட்ட கொடுங்கன்னு கேட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க இல்லைன்னு."

சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ தள்ளியது. மைலோவை ஒரு வாய் குடித்தான். தொண்டையில் சுட்டுக்கொண்டே இறங்கியது. பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

லேப்டாப் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. கறுந்திரையில் வெள்ளைப் புள்ளிகள் பாதி வட்டத்தில் நின்றிருந்தன. பவர் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. அவன் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். மவுஸைப் பிடுங்கினான். பேட்டரியைக் கழற்றி வைத்து, உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் வடியட்டும் என்று பட்டனை மறுபடி அமுக்கிப் பிடித்தான். ஆரம்பத்திலேயே உறைந்துபோகும் பழைய லேப்டாப்புகளில் பாதி இதற்கே வழிக்கு வந்துவிடும். பேட்டரியை மாட்டி முடுக்கினான்.

புள்ளிகள் சுற்றின. சுற்றின. நின்றன.

நாற்காலி கிரீச்சிட்டது.

பிரம்பு, மழைக் காற்றுக்கு அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே முதல் தூறல் தகரக் கூரையில் விழுந்தது. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சேஃப் மோடில் ஏற்றிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் புள்ளிகள் அதே இடத்தில்தான் நின்றன. ஒவ்வொரு முறை நின்றபோதும் வலப்பக்கம் பிரம்பு முனகியது. வந்துவிட்டதா என்று ஆசையோடு முன்னால் குனிந்த ஆள், இல்லை என்று தெரிந்து மறுபடி சாய்ந்துகொள்வது போல இருந்தது.

பிறகு வாசனை வந்தது. கோடாலித் தைலம். பக்கிரிசாமி அங்கிள் நெற்றிப்பொட்டில் எப்போதும் தேய்த்திருப்பார். இப்போது அதில் வியர்வை நாற்றமும் கலந்திருந்தது, நனைந்து காயாத சட்டை நாற்றம்.

அவன் வலப்பக்கம் திரும்பவில்லை.

ஹார்டிஸ்க்தான் கோளாறு, கழற்றினால் தெரிந்துவிடும் என்று முடிவு செய்தான். எல்லா இணைப்பையும் பிடுங்கி, பேட்டரியை மறுபடி எடுத்து ஓரமாக வைத்து, அடி மூடியைத் திறந்து டிஸ்கை வெளியே இழுத்தான். மூடியைப் பொருத்தி லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். டிஸ்க் இல்லாவிட்டால் அதற்கு ஏற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. டிஸ்கைக் காணோம் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்த்தால் மனசு நிலைக்கு வந்துவிடும் என்று பட்டனை அமுக்கினான்.

புள்ளிகள் வந்தன.

டிஸ்க் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அதற்குப் பக்கத்தில் பேட்டரி. அதைத் திருப்பி மாட்ட மறந்திருந்தான்.

புள்ளிகள் சுற்றின.

நின்றன.

வலப்பக்கத்தில், அவன் காதுக்கு மிக அருகில், யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

கோபமான மூச்சு இல்லை. கிளினிக்கில் நம்பர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவர்கள் விடுகிற மூச்சு. அதுதான் பிரவினை உடைத்தது. திட்டியிருந்தால் எழுந்து ஓடியிருப்பான். இந்த மனிதர் இன்னும் அவன் வருவான் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன்தான் அவன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"என்னண்ணே, ஆச்சா?" என்று விஷ்ணுப்ரியா வாசலிலிருந்து கிசுகிசுத்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் வந்துட்டேன் அங்கிள், எந்திரிங்க. அவ்வளவுதான். ஆனால் வாசல்படியில் நல்லம்மாள் உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்தால் அந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தபோது, பக்கத்து நாற்காலிகூட அவனுக்கு அவ்வளவு பயமாகத் தெரியவில்லை.

"கடைக்கு எடுத்துட்டுப் போறேன் ஆன்டி," என்றான். "அங்க வச்சுத்தான் பார்க்கணும்."

நல்லம்மாள் மேசையைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போயிட்டா அவர் எதைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு?"

"அம்மா," என்றாள் மகள்.

"சரி. நாளைக்குப் பதினாறு தம்பி. அதுக்குள்ள கொண்டாந்துடுங்க. பதினாறுக்கு மேல அவங்களை இங்க புடிச்சு வைக்கக் கூடாது. நாளைக்காவது இலைக்கு வந்துட்டு, நிம்மதியாப் போகட்டும்."

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பியபோது மழை விட்டிருந்தது. கீழே பூக்கடையில் பெண்கள் சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், எங்கோ கோயில் மணி அடித்தது, மேலே பாலத்தில் ரயில் போனது. கடைக்குள் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டான். டிஸ்கையும் பேட்டரியையும் மாட்டி, லேப்டாப்பை வேலை மேசைமேல் வைத்துத் திறந்தான். பட்டனைத் தொடவில்லை. அதுவே ஏறியது.

புள்ளிகள் சுற்றின, நின்றன. தைல வாசனை கடை முழுக்கப் பரவியது.

கண்ணாடிக் கதவைப் பூட்டினான். திரும்பி வந்து, யாரும் இல்லாத வாடிக்கையாளர் நாற்காலியைப் பார்த்துப் பேசினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நான்தான் அங்கிள். எந்திரிக்காதீங்கன்னு சொன்னவன். ஷா ஆலம் தாண்டலை. கிளம்பவே இல்ல. இங்கதான், கீழ, தே தாரிக் குடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜாம் இருந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீங்க கிளினிக் போகவான்னு கேட்டீங்க. நான்தான் வேண்டாம்னேன். மன்னிச்சுடுங்க. போதும் அங்கிள், எந்திரிங்க. நான் வந்துட்டேன்."

நாற்காலி ஒருமுறை கிரீச்சென்றது. பாரம் இறங்குகிற சத்தம்.

புள்ளிகள் நகர்ந்தன.

வட்டம் முழுதாகச் சுற்றி, நீலமாகித் திரை திறந்தது. பல்லில்லாத ஒரு குழந்தை சிரிக்கும் படம் திரை முழுக்க வந்தது. ஓரத்தில், எடுக்கப்படாத வீடியோ அழைப்புகள் என்று ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. பெர்த்திலிருந்து, அந்தச் சனிக்கிழமை, ஒன்றன்பின் ஒன்றாக. பிரவின் மேசையில் தலையை வைத்து அழுதான். நெடுநேரம் அழுதான். அழுது முடித்தபோது தைல வாசனை போய்விட்டிருந்தது.

மனசு லேசானது. மனசு லேசானவுடன் மனிதனுக்குப் புத்தியும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, அவரும் எழுந்துவிட்டார். இனி அந்த அம்மாவிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆறிக்கொண்டிருக்கிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? இப்படி எல்லாம் தனக்குச் சாதகமாக யோசித்தபடி ஷட்டரை இறக்கினான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் மதியம் பச்சை கேட்டுக்கு வெளியே செருப்புகள் நிறையக் கிடந்தன. சமையல் வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. விஷ்ணுப்ரியா லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அது சட்டென்று ஏறி, குழந்தையின் சிரிப்பைக் காட்டியது. அவள் மூடியை மூடிவிட்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னண்ணே ஆச்சு இதுக்கு?"

"ஹார்டிஸ்க்ல கொஞ்சம் அடி," என்றான் பிரவின்.

நல்லம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து சாயந்திரத்துல இருந்து நாற்காலி சத்தமே இல்ல தம்பி. ராத்திரி பூரா காதைக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுட்டாரு. இன்னிக்கு இலைக்கு வருவாரு பாருங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

மறுக்க முடியவில்லை. ஹாலில் படத்துக்கு முன்னால் பெரிய வாழை இலை போட்டு, மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, வடை, ஒரு கப் மைலோ என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள். நல்லம்மாள் கதவைச் சாத்தினார்.

தாழ்வாரத்தில் யாரும் பேசவில்லை. பிள்ளைகளைக்கூட வாயைப் பொத்தி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே சத்தம் எதுவும் இல்லை. நல்லம்மாள் கதவைப் பார்த்தபடியே நகர்ந்து வந்து பிரவின் பக்கத்தில் நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்க ஆன்டி."

"நேத்து நீங்க கடைக்குப் போனப்புறம்தான் அவர் எந்திரிச்சாரு." அவர் குரல் அவனுக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. "சொன்னவன் வந்து சொன்னாத்தான் எந்திரிப்பாரு. எனக்குத் தெரியும். நாப்பது வருஷம் கூட இருந்தவ நான்." கண் கதவின்மேலேயே இருந்தது. "அது நீயாப்பா?"

திட்டுகிற குரல் இல்லை அது. ஆமாம் என்றால் ஒருவேளை தலையில் கைவைத்து அழுதிருப்பார், ஒருவேளை கையெடுத்துக் கும்பிட்டு வெளியே போ என்றிருப்பார். எதுவானாலும் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். பிரவினுக்கு அது தெரிந்தது. அந்தக் கேள்வி ஒரு கதவைத் திறந்து வைத்து நின்றது, அதுவும் தெரிந்தது. ஆனால் தாழ்வாரம் நிறையச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். விஷ்ணுப்ரியா இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஆன்டி," என்றான். "நான் இல்ல."

நல்லம்மாள் அவனைப் பார்க்காமலே தலையாட்டினார். "அப்ப சரி."

போய்க் கதவைத் தட்டினார். ஒரு கணம் காதை வைத்துக் கேட்டார். பிறகு திறந்தார்.

விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. எல்லா வீட்டிலும் வைத்தது வைத்தபடிதான் இருக்கும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நல்லம்மாள் படத்துக்கு முன்னால் போய் நின்று, ஹாலைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பின்னறைக்குப் போனார். திரும்பி வந்தார்.

"வரலை," என்றார். "ரூம்லயும் இல்ல. வீட்டுலயே இல்ல." அவர் குரல் முதல்முறையாக நடுங்கியது. "எந்திரிச்ச மனுசன் எங்க போனாரு?"

பிரவின் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற வழக்கம் அன்றைக்கு அவனுக்கு வசதியாக இருந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பையைப் பின் சீட்டில் எறிந்துவிட்டு, மைவியை முடுக்கினான்.

டிங். டிங். டிங்.

தன் பெல்ட்டைப் பார்த்தான். போட்டுத்தான் இருந்தான். டாஷ்போர்டில் சிவப்பாக மின்னியது பக்கத்து சீட்டின் பெல்ட் விளக்கு. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு.

பக்கத்து சீட்டில் ஒன்றும் இல்லை.

எஞ்சினை அணைத்து மறுபடி முடுக்கினான்.

டிங். டிங். டிங்.

சீட்டின் நடுவில் பஞ்சு அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் வசதியாக அமுங்கியது.

மன்னிப்பு அவருக்குப் போதவில்லை என்று பிரவினுக்குப் புரிந்தது. அல்லது, எழுந்திருங்க என்று சொன்னவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கூடவே வருகிறாரோ என்னவோ. இறங்கிப் போய் அந்த அம்மாவிடம் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், இவர் இறங்கி வீட்டுக்குள் போய்விடுவார். இலை இன்னும் எடுக்கப்படவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. கதவுப் பிடியில் கையை வைத்தான்.

வைத்த கை அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்தான்.

இடப்பக்கம் எட்டி, பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்துக் கொண்டுவந்து மாட்டினான்.

சத்தம் நின்றது.

ஆள் இல்லாத சீட்டில் பெல்ட் துவண்டு சாய்மானத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டவில்லை. நெஞ்சுக்கும் தொந்திக்கும் உண்டான இடத்தை விட்டு, காற்றில் வளைந்து இறுகி நின்றது. பிரவின் கியரைப் போட்டுத் தலையை நிமிர்த்தினான்.

கேட் கம்பியைப் பிடித்தபடி நல்லம்மாள் நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிரவினை இல்லை, அவன் பக்கத்து சீட்டை. பிறகு மெல்லக் கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தார்.